கியான்டியா, லாங்கேயா, புரோசெக்கோ குன்றுகளா? கிராவல் சைக்கிளோடு இத்தாலி போகிறவர்களுக்கு

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைகளுக்கான அகன்ற டயர் சைக்கிள்) ஓட்ட வேண்டும். கையில் ஐந்தாறு நாள் இருக்கிறது. இத்தாலி என்பதும் முடிவாகிவிட்டது. எந்தப் பக்கம் போவது என்பதுதான் பாக்கி. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் மூன்று: டஸ்கனியின் கியான்டி, பியமோன்டேயின் லாங்கே, வெனெத்தோவில் புரோசெக்கோ என்ற நுரைக்கும் மது விளையும் கொனேலியானோ–வால்டொபியாதனே குன்றுகள்.

படங்களை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றுமே படத்தில் கண்ணைப் பறிக்கும். சைக்கிளில் போகிறவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். சக்கரத்துக்கு அடியில் என்ன மண்? அந்தப் பாதை யாருடையது? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஊர், எந்த மாதம், எந்த டயர் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு, அதிலும் தனியாகப் போகிறவர்களுக்கு, கியான்டிதான். மற்ற இரண்டும் மட்டமில்லை. ஆனால் அவை வேறு விதமான ஆட்களுக்கானவை.

கியான்டி: ஊர்ச் சாலையே கப்பிச் சாலை

கியான்டியில் நீங்கள் ஓட்டப்போவது தோட்டத்துக்காரரின் வண்டித்தடத்தில் அல்ல, தார் போடாத பொதுச் சாலையில். சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் பரப்பி இறுக்கிய கப்பிச் சாலைகள் அவை. வெயிலில் கண் கூசும் அளவுக்கு வெளுத்துக் கிடப்பதால் அவற்றுக்கு வெள்ளைச் சாலைகள் என்றே பெயர். அதே சாலையில்தான் தபால் வண்டி போகிறது, திராட்சை ஏற்றிய டிராக்டர் போகிறது, பண்ணை வீட்டில் தங்க வந்தவர்களின் கார் போகிறது. யாரும் உங்களை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. எந்தத் திருப்பத்திலும் பாதை திடீரென்று ஒரு வேலியில் போய் முட்டாது.

இந்தச் சாலைகள் இன்றைக்கும் தார் படாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 1997-இல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் கயோலே இன் கியான்டி என்ற சிற்றூரில் லெரோய்கா என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். பழைய சைக்கிள், பழைய கம்பளி ஜெர்சி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய நோக்கம் இந்தச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பது. அது பலித்தது. 2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான ஸ்த்ராதே பியான்கே பந்தயமும் வந்தது. ஃபாபியன் கான்செல்லாரா அதை மூன்று முறை வென்றார். பந்தயத்தின் புகழ் ஏற ஏற, தார் போடாத சாலையே இந்த வட்டாரத்தின் சொத்தாகிவிட்டது.

இதனால் நமக்குக் கிடைப்பது லெரோய்காவின் 209 கிலோமீட்டர் நிரந்தர வளையப் பாதை. பாதிக்கு மேல் கப்பிச் சாலை. திருப்பங்களில் பழுப்பு நிறப் பலகைகள் வழிகாட்டும். வருடம் முழுக்கத் திறந்திருக்கும், எந்தச் சைக்கிளிலும் போகலாம். இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். 1987-க்கு முந்தைய சைக்கிள் வேண்டும், கியர் லீவர் பிரேமில் இருக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் அக்டோபரில் நடக்கும் லெரோய்கா நிகழ்வுக்கு மட்டும்தான். நிரந்தர வளையத்தில் நீங்கள் கார்பன் கிராவல் சைக்கிளில் போனாலும் சரி, இ-பைக்கில் போனாலும் சரி.

மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நான்கு நாளாகப் பிரித்து, மோன்தால்சினோவிலும் அஷ்யானோவிலும் காஸ்தெல்நுவோவோ பெராதெங்காவிலும் இரவு தங்கினால் ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும். ஈசிஆரில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்ற கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே 60 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏற்றம் என்பது சர்வசாதாரணம். அதுவும் ஒரே நீண்ட மலையாக வராது. ஐந்து நிமிட ஏற்றம், இரண்டு நிமிட இறக்கம், மறுபடியும் ஏற்றம் என்று வந்துகொண்டே இருக்கும். சியேனாவுக்குக் கிழக்கே மோன்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் பகுதி இப்படித்தான் ஆளை அரைத்துவிடும். லே தோல்ஃபே ஏற்றம் சின்னதுதான், ஆனால் 18 சதவீதம் வரை எழும்பும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கற்றுக்கொள்ள வேண்டியது. வெள்ளைச் சாலையின் இறக்கத்தில் தரை பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். கார் சக்கரம் ஓடி ஓடி இறுகிய தடங்கள் இரண்டு. நடுவிலும் ஓரங்களிலும் உருண்டு சேர்ந்த உதிரிச் சரளை. ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாறுவதானால் நேரான இடத்திலேயே மாறிவிட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்தபடி நடுச் சரளையைக் கடந்தால் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும். வளைவுக்குச் சற்று முன்னால், கார்கள் பிரேக் போடும் இடத்தில், தரை அலையலையாக மடிந்து கிடக்கும். அந்த மடிப்புகளின் மேல் பிரேக்கை இறுக்கினால் பின்சக்கரம் துள்ளும். எனவே அதற்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ட்ராப்ஸில் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவில்) கையைத் தளர்வாகப் பிடித்து, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, சைக்கிளைத் தன்போக்கில் ஆடவிட வேண்டும். அரை நாளில் கைவந்துவிடும். அதுவரை முன்னால் போகிறவருக்கு நெருக்கமாகப் போகாதீர்கள். அவர் கிளப்பும் வெள்ளைப் புழுதியில் பள்ளம் தெரியாது.

கியான்டியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. கியான்டி கிளாசிகோ பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு. ஓக், செஸ்ட்நட் மரங்களுக்குள் நெடுநேரம் ஓட்டி வெளியே வந்தால் ஒரு சரிவு நிறையத் திராட்சை. பிறகு மறுபடியும் காடு. சியேனாவுக்குத் தென்கிழக்கே கிரேத்தே சேனேசி பகுதியில் திராட்சை அநேகமாகக் கிடையாது. கோதுமை வயலும் வெளுத்த களிமண் மேடுகளும்தான். மோன்தால்சினோவை நெருங்கும்போது திராட்சை திரும்ப வரும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கொடி வரிசையாகவே இருக்க வேண்டும் என்று வருகிறவர் இங்கே கொஞ்சம் ஏமாறுவார். எனக்கோ ஜூன் வெயிலில் அந்தக் காட்டு நிழல் பெரிய வரம்.

கயோலேயிலிருந்து கிளம்பினால் வளையத்தின் தொடக்கத்திலேயே ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலை வரும். இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். மேலே இருப்பது ரிகாசோலி குடும்பத்தின் கோட்டை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெத்தீனோ ரிகாசோலிதான் 1872-இல் கியான்டி மதுவுக்கான திராட்சைக் கலவையை எழுதி வைத்தவர். ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமரும் அவரே. முதல் பிரதமர் கவூரின் கோட்டை லாங்கேயில், கிரின்ஸானே ஊரில் இருக்கிறது. அந்த ஊருக்கு அவர் பதினேழு வருடம் மேயராக இருந்தார். இத்தாலியின் முதல் இரண்டு பிரதமர்களும் திராட்சை வளர்த்தவர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு இந்த இரண்டு பகுதிகளின் மேலும் மதிப்புக் கூடியது.

லாங்கே: கண்ணுக்கு முதலிடம், சக்கரத்துக்கு இல்லை

திராட்சையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் லாங்கேயை மிஞ்ச ஆளில்லை. பரோலோ மது விளையும் பதினொரு ஊர்களில் குன்றின் உச்சியில் ஊர், அதற்குக் கீழே சரிவு முழுக்கக் கொடி. 2014-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லா மோர்ராவின் உச்சியில் நின்று பார்த்தால் ஒரு கைப்பிடி நிலம்கூடச் சும்மா கிடக்கவில்லை என்பது தெரியும்.

சிக்கலும் அதில்தான் இருக்கிறது. நிலம் அத்தனை விலை. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைகள் தார்ச் சாலைகள். தார் இல்லாதவை பெரும்பாலும் வரிசைகளின் தலைமாட்டில் டிராக்டர் திரும்புவதற்காக விட்ட தடங்கள்; சில பொதுவழி, பல தனியாருடையவை. வரைபடச் செயலியில் கோடாகத் தெரியும் பாதை ஒரு தோட்டத்தின் கடைசி வரிசையில் போய் முடிந்துவிடும். அறுவடை நேரத்தில் அங்கே சைக்கிளோடு நிற்பது வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல். அடையாளமிட்ட நடைபாதைகளையும் உள்ளூர்க்காரர்கள் ஓட்டிப் பதிவேற்றிய தடங்களையும் மட்டும் நம்புங்கள். நாமாகக் கோடு போட்டுக்கொண்டு கிளம்பும் வேலை இங்கே வேண்டாம்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாங்கேயின் மண் நீலச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு கலந்த களி. பரோலோவின் சுவைக்கு இந்த மண்ணைத்தான் காரணம் சொல்வார்கள். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை. மழை பெய்துவிட்டால் கதை வேறு. நம் கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் செருப்போடு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பத்தடிக்குள் டயர் இரண்டு மடங்கு பருத்துவிடும், மண் ஃபோர்க்கில் அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டிவிட்டுப் பத்தடி தள்ளினால் மறுபடியும் அதே நிலைமை. ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்றிரண்டு நாளைக்குத் தடங்களை மறந்துவிட்டுத் தாரில்தான் ஓட்ட வேண்டும். கிரேத்தே சேனேசியிலும் களிதான். 2018-இன் ஸ்த்ராதே பியான்கே பந்தயத்தில் வீரர்கள் முகம் தெரியாமல் சேறு பூசி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே களிக்கு மேல் கல் பரப்பியிருப்பதால் சேறு தெறிக்குமே தவிர, சக்கரம் நிற்பது அரிது.

இன்னொன்று, ஊர்களெல்லாம் மேட்டில் இருப்பதால் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால் பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டும். பரோலோவிலிருந்து லா மோர்ராவுக்கு மட்டும் சுமார் 200 மீட்டர் ஏற்றம். ஒரு நாளில் நான்கு ஊர் பார்க்கலாம் என்று திட்டம் போட்டால் நான்கு முறை ஏறியிருப்பீர்கள்.

நல்ல கிராவல் வேண்டுமென்றால் தெற்கே ஆல்தா லாங்காவுக்குப் போக வேண்டும். அங்கே நிலம் உயர்கிறது. மோம்பர்காரோ ஊர் 896 மீட்டரில் இருக்கிறது. முகட்டுப் பாதைகள் நீளமானவை, ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் அங்கே திராட்சைக்குப் பதில் ஹேசல்நட் தோப்புகளும் காடும்தான். ஆல்பாவில் ஃபெர்ரேரோ நிறுவனம் பிறந்ததற்கும் 1964-இல் நுட்டெல்லா என்ற ஹேசல்நட் களிம்பு வந்ததற்கும் அந்தத் தோப்புகளோடு தொடர்புண்டு. ஆக, லாங்கேயில் திராட்சை ஓரிடம், கிராவல் ஓரிடம். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம், ஒரே மணி நேரத்தில் சேர்க்க முடியாது.

யாருக்கு லாங்கே? துணையோடு போகிறவர்களுக்கு, ஒருவர் ஓட்டி மற்றவர் ஊர் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, இ-பைக்கில் வருகிறவர்களுக்கு. ஆல்பாவில் தங்கினால் தூரினிலிருந்து ரயிலில் வந்துவிடலாம். சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரு ஓவியர்கள் 1999-இல் வண்ணம் தீட்டிய ப்ருனாத்தே சிற்றாலயம் கொடிகளுக்கு நடுவே நிற்கிறது. அதுவரை சைக்கிளில் போகலாம். இலையுதிர்காலத்தில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளான் சந்தை. அந்த மாதங்களில் காலைப் பனிமூட்டம் பத்து மணிவரை கலையாது. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

புரோசெக்கோ குன்றுகள்: கால் வலுவிருந்தால்

வெனிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கொனேலியானோ. மூன்றில் அடைய எளிதானது இதுதான். வெனிஸுக்கு எப்படியும் போகிறீர்கள், சைக்கிளுக்கு இரண்டே நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் யோசிக்காமல் இங்கே வாருங்கள்.

2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் குன்றுகள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. முதுகெலும்பு மாதிரி வரிசை வரிசையாக எழும்பி நிற்கின்றன. கல் அடுக்காமல், புல்லாலேயே கரை கட்டிய குறுகிய படிகளில் புரோசெக்கோவுக்கான கிலேரா திராட்சை நிற்கிறது. எந்திரம் நுழைய முடியாததால் செங்குத்துச் சரிவுகளில் எல்லாமே கைவேலை. மனிதர் கூடையோடு ஏறவே சிரமப்படும் சரிவில் சைக்கிள் பாதை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். சான் பியேத்ரோ தி ஃபெலெத்தோவில் கா தெல் போஜோ என்ற, சுவர்போல எழும்பும் தார்ச் சாலை 1.1 கிலோமீட்டர்தான், உச்சபட்சச் சாய்வு 19 சதவீதம். சரளையில் அந்தச் சாய்வு வந்தால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுற்றும், எடையைப் பின்னே போட்டால் பிடிக்கும். பின்னே அதிகம் போட்டாலோ முன்சக்கரம் எழும்பும். இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு இங்கே கொண்டாட்டம்.

2023-இன் உலக கிராவல் சாம்பியன்ஷிப் இந்தப் பக்கம்தான் நடந்தது. சமவெளியில் லே பாந்தியே ஏரிக்கரையில் தொடங்கி, குன்றுகளுக்கு நடுவே பியேவே தி சோலிகோவில் முடிந்தது. ஆண்களில் மத்தேய் மோஹோரிச்சும் பெண்களில் காசியா நியேவியாதோமாவும் வென்றார்கள். அந்தப் பாதையின் அமைப்பே இந்தப் பகுதியின் இயல்பைச் சொல்கிறது: நீளமான சரளைப் பாதைகள் பியாவே ஆற்றை ஒட்டிய சமவெளியில், திராட்சை மேலே, இரண்டையும் இணைப்பவை குத்தேற்றங்கள். மழையும் மற்ற இரண்டைவிட இங்கே அதிகம். ஆல்ப்ஸ் மலையடிவாரம் என்பதால் கோடையில் பிற்பகல் இடிமழை திடீரென்று வரும். காலையில் சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

சைக்கிளும் காலமும்

மூன்று இடத்துக்கும் 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் போதும். கியான்டிக்கு 35 இருந்தாலும் சமாளிக்கலாம். கியரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும் ஒரு கியராவது வேண்டும்; முன்னே 40, பின்னே 44 என்பதுபோல. வாடகைக்கு எடுக்கும்போது பல கடைகள் பிரேம் அளவை மட்டும் கேட்கும். கேசட் (பின்பல் தொகுதி) அளவை நீங்கள் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதானால், இத்தாலியின் பிராந்திய ரயில்களில் தனிச் சீட்டு வாங்கி அப்படியே ஏற்றலாம்; அதிவேக ரயிலில் கழற்றிப் பையில் போட்டால்தான் விடுவார்கள். கயோலேக்கு ரயில் கிடையாது, சியேனாவில் இறங்கி ஓட்ட வேண்டும். வளையத்தின் தென்பகுதியில் அஷ்யானோவிலும் பக்கத்து ஊரான புவோன்கொன்வெந்தோவிலும் ரயில் நிலையம் இருப்பது பெரிய ஆறுதல். கால் மடங்கினாலும் சைக்கிள் மடங்கினாலும் சியேனாவுக்குத் திரும்பிவிடலாம்.

இ-பைக்கைப் பற்றி முகம் சுளிக்க வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 25 கி.மீ. வேகம்வரைதான் உதவும். ஏற்றத்தில் அது போதும், சமவெளியில் அது வெறும் எடை. ஆகவே லாங்கேக்கு மிகப் பொருத்தம், கியான்டியில் உங்கள் விருப்பம், பியாவே ஆற்றுச் சமவெளிக்குத் தேவையே இல்லை.

மே கடைசியும் ஜூன் தொடக்கமும் மூன்றுக்குமே நல்ல காலம். செப்டம்பரில் அறுவடைக் காலம் தொடங்கும்: முதலில் கிலேரா, பிறகு கியான்டியின் சான்ஜியோவேசே, கடைசியாக லாங்கேயின் நெபியோலோ. அப்போது கியான்டிக்குப் போனால் அறுவடையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், யாருக்கும் தொந்தரவில்லை. லாங்கேயில் அதே நேரம் தடங்கள் முழுக்க டிராக்டர். ஜூலை, ஆகஸ்டில் கிரேத்தே சேனேசியின் நிழலில்லாத மேடுகளுக்குப் பகலில் போகாதீர்கள். தண்ணீர்க் குழாய் ஊருக்குள்தான் இருக்கும், ஊர்களுக்கு இடையில் இருக்காது.

சைவர்களுக்கு டஸ்கனிதான் சௌகரியம். பூண்டும் தக்காளியும் போட்ட பீச்சி என்ற தடித்த பாஸ்தா, பயறும் ரொட்டியும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த ரிபோல்லீத்தா என்று வயிறு நிறையும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது என்பதால் வியர்த்து ஓட்டிய நாளில் உப்பை வேறு வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். லாங்கேயில் இறைச்சி அதிகம், வெண்ணெயில் புரட்டிய தாயரின் என்ற முட்டை பாஸ்தா கைகொடுக்கும்.

மதுக்கூடங்களில் சுவைபார்க்கச் சொல்வார்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். வெள்ளைச் சாலையின் இறக்கம் அதற்குக் கீழேயே தண்டித்துவிடும். ஓட்டி முடித்து அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கியான்டி என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. லெரோய்கா நடக்கும் அக்டோபர் தொடக்க வாரத்தில் கயோலேயிலும் சுற்றுவட்டாரத்திலும் அறை கிடைப்பது கஷ்டம். அந்த வாரத்தைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் சியேனாவில் தங்கி, வளையத்தைத் தெற்கே மோன்தால்சினோ பக்கம் தொடங்கி ஓட்டுங்கள். கூட்டம் கலைந்த பிறகு ப்ரோலியோ ஏற்றத்துக்கு வந்துசேரலாம்.